ஏழாம் நம்பர் லாரி

டோங்காட்டில் ஜூலை வந்தால் வானம் கரி உதிர்க்கும்.
தீ வைத்த கரும்புக்காட்டிலிருந்து சுருள் சுருளாக,
கறிவேப்பிலை அளவில்,
கொடியில் காயும் சட்டைமேல், லாரிக் கண்ணாடிமேல்,
என் தேநீரில்.
ஊதினால் பறக்கும். தொட்டால் தீற்றும்.

கரியைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
கரி அடைக்கும், அவ்வளவுதான்.
மேட்டில் வண்டி மூச்சு வாங்கும், புகை கறுக்கும்,
மானியில் சிவப்புப் பட்டை எட்டிப் பார்க்கும்.
"மாற்று" என்று அதுவே சொல்லிவிடும்.
மண்தான் சொல்லாது.
வயல்பாதையின் இந்தச் சிவப்பு மண்
மாவைவிட நைசு, அரத்தைவிடக் கூர்.

ஒரு லிட்டர் டீசல் எரியப்
பத்தாயிரம் லிட்டர் காற்று கேட்கும் இன்ஜின்.
குடிப்பது ஒரு செம்பு, இழுப்பது ஓர் அறை.
அந்த அறைக்குக் கதவு காகிதம்.
விசிறி மடிப்பாய் மடித்து உருளையாக்கிய காகிதம்;
பிரித்து விரித்தால் ஒரு புடவை தோற்கும்.

ஏழாம் நம்பர் லாரியின் இன்ஜினை
நேற்றுத் திறந்தோம்.
சிலிண்டர் சுவரில் நகம் தடுக்கும் விளிம்பு.
ரிங்குகள் சவர பிளேடாய் மெலிந்திருந்தன.
இரண்டு சீசன்கூட முழுதாய் ஓடாத இன்ஜின்.
பில்டரைத் தாண்டி உள்ளே போகும் குழாயில் விரலை விட்டேன்.
மிளகாய்த்தூள் டப்பாவில் விட்டதுபோல் வந்தது விரல்.

'டிரைவரின் அலட்சியம்' என்று
பூபாலன் படிவத்தில் எழுதிவிட்டான்.

ம்லுங்கிசி ஒன்றும் பேசவில்லை.
போய்த் தன் நோட்டை எடுத்துவந்தான்.
தேதி, கிலோமீட்டர், கையெழுத்து.
கழற்றினேன். டயரில் தட்டினேன்.
கம்ப்ரெஸர் காற்றால் ஊதினேன். மாட்டினேன்.
ஒரு நாள் விடாமல்.
ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது.
அவன் மகள் பிறந்த மறுநாளும் இருந்தது.

உருளைக்குள் கைவிளக்கை இறக்கினேன்.
பட்டறை விளக்கை அணைக்கச் சொன்னேன்.
மடிப்பு மடிப்பாய் இருட்டு, அதில்
ஒன்று, இரண்டு, நான்கு,
பிறகு எண்ணவில்லை,
ஊசித்துளை வெளிச்சம்.
தட்டித் தட்டி விளிம்பு நெளிந்து
ரப்பர் வளையம் ஒரு பக்கம் உட்காரவே இல்லை.

பாதி வேலையை அழுக்கே செய்கிறது.
புதுக் காகிதம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்;
முதலில் ஒட்டிய தூசிதான்
அடுத்து வரும் தூசியைப் பிடித்து நிறுத்தும்.
அந்தப் படலத்தை அன்றாடம் உதறி,
மூடியை அன்றாடம் திறந்து,
பிடிபிடியாய் மண் ஊட்டியிருக்கிறான் இன்ஜினுக்கு,
அவ்வளவு அக்கறையாக.

யார் சொல்லிக்கொடுத்த அக்கறை?
நான் சுவரைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.
சிவப்புப் பெயின்ட்டில் என் கையெழுத்து,
ஸூலுவில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று:
ஏர் பில்டரைத் தினமும் சுத்தம் செய்யவும். கோகிலம்.

பூபாலனிடம் பேனாவை வாங்கினேன்.
'டிரைவரின்' என்பதை அடித்துவிட்டு
மேலே என் பெயரை எழுதினேன்.
"பொருள் மாறிவிடுமே அக்கா" என்றான்.
மாறட்டும்.

சாயங்காலம் சுவருக்கு வெள்ளையடித்தேன்.
மானி சிவந்தால் மட்டும் திற.
வெளி உருளையை மாற்று; தட்டாதே.
உள் உருளையை ஊதாதே.
ரப்பர் உட்காரும் விளிம்பை ஈரத்துணியால் ஒரு முறை துடை.
கடைசி வரிக்கு வெகுநேரம் யோசித்தேன்.
ஸூலுவில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை எனக்கு.
தமிழில் இருக்கிறது: சும்மா இரு.
ம்லுங்கிசியிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.
"அதுதான் கஷ்டமான வேலை" என்றான்.

ஏழாம் நம்பர் நவம்பருக்குள் எழுந்தால் உண்டு.
அதுவரை அவனுக்குப் பதினொன்று.
இன்று விடியலில் ஜன்னல் வழியே பார்த்தேன்,
பில்டர் கிளிப்பில் கை வைத்தான்.
குனிந்து மானியைப் பார்த்தான். பச்சை.
கையை எடுத்தான்;
எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் நின்று
கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

என் தேநீரில் ஒரு கரிச்சுருள் மிதந்தது.
ஓரமாய் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.